தெற்கு மனை வெயில்

பனிமய மாதா துணை

தருவைகுளம்
8.1.2024

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

அக்கா விஜிலா எழுதுவது. நீயும் ஜெஸ்லினும் பிள்ளையும் அந்தக் குஜராத் பொட்டலில் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம். உன் அத்தானைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு எவ்வளவு பெரிய அரண்மனை என்று உனக்குத் தெரியும். அடுப்படியில் முணுமுணுத்தால் கட்டிலில் கேட்கும். அத்தானைப் பற்றி அத்தான் காதுபடப் பேச முடியாததை எழுதித்தான் ஆகவேண்டும். உனக்கும் சைட்டில் டவர் கிடைப்பதில்லை.

வெள்ளத்தில் நாங்கள் பிழைத்தோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எப்படிப் பிழைத்தோம் என்று சொல்லவில்லை. இருபது வருடம் சங்கு குளித்த நெஞ்சு அவருக்கு. ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு, கரண்ட் இருந்தால்தான் மிஷின். நான்கு நாள் கரண்ட் இல்லை. கைவசம் இருந்த ஒரு சிலிண்டர் இரண்டாம் நாளே தீர்ந்தது. ரோடெல்லாம் தண்ணீர். கடைசியில் டிராக்டரில் பாய் விரித்துப் படுக்க வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உதடு நீலம் பாரித்த நிலையிலும் அந்த மனுசன், “ஏளா, மூச்சை அடக்கிட்டுக் கெடக்கது எனக்குப் புதுசா? பேசாம வா” என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

நீ அங்கே ஏக்கர் கணக்கில் வெயிலைப் பிடித்துக் கரண்டாக்குகிறவன். நம் மொட்டை மாடியில் விழும் வெயிலில் இந்த ஒரு மிஷினை ஓட்ட முடியாதா? அடுத்த மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். விவரமாக எழுது.

உன் அக்கா
விஜிலா


பூஜ்
24.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரோச் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அத்தான் இப்போது எப்படி இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தை ஜெஸ்லினிடம் படித்துக் காட்ட ஆரம்பித்து, டிராக்டர் வரும் இடத்தில் முடியாமல் அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். இதை நீங்கள் போனில் சொல்லாமல் இருந்ததற்குக் கோபம் இருக்கிறது. நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

முடியும் அக்கா. நன்றாகவே முடியும். பொறுமையாகப் படியுங்கள்.

அத்தான் மிஷின் முந்நூற்றைம்பது வாட். இரவு பகல் ஓடினால் ஒரு நாளைக்கு எட்டரை யூனிட் தின்னும். ஆறு பேனல் போட்டால் நம் ஊர் வெயிலுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும். மிஷின் போக ஃபேனுக்கும் லைட்டுக்கும் மிச்சம்.

ஒரு இடத்தில்தான் ஊரே ஏமாறுகிறது. மின்வாரிய லைனோடு சேர்த்துப் போடும் சாதா வகையை வாங்கிவிடாதீர்கள். பகல் வெயில் கொளுத்தும்போதுகூட, தெருவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பில் குறைக்கத்தான் அது உதவும், அத்தானுக்கு உதவாது. பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் நமக்கு வேண்டும்.

அடுத்து, நிழல். ஆறு பேனலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் ஒன்று மட்டும் சோராது, மொத்தமும் சோரும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முனையில் என்ன வருமோ, அதுதான் வரும். வாடைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நடக்கும். அதனால் தெற்கே மறைப்பே இருக்கக் கூடாது.

அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. வீட்டை உங்களுக்கும் தெற்கு மனையை எனக்கும் அம்மா எழுதி வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஆறையும் வரிசையாக வையுங்கள். வடக்கே துணி காயப்போட இடம் கிடைக்கும். என் மனையில் என்னைக் கேட்காமல் ஒருவனும் ஒரு குச்சி ஊன்ற முடியாது. அத்தான் மூச்சுக்கு வேண்டிய வெயிலுக்கு நான் பொறுப்பு.

நாசரேத்தில் ஞானதீபம் என்று எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் இருக்கிறார். நேர்மையான ஆள். பேசிவிட்டேன், வருவார்.

அன்புத் தம்பி
ரோச்


பனிமய மாதா துணை

தருவைகுளம்
20.2.2024

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

நீங்கள் மூவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே இன்று நிஜமாகவே சுகம்.

போன வாரம் ஞானதீபம் அண்ணாச்சி வந்து ஆறு பேனலும் மாட்டிவிட்டார். நீ சொன்னபடி தெற்குச் சுவரை ஒட்டித்தான். வேலை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு, “இப்பம் பாருங்க” என்றார். மிஷின் நிற்கவில்லை. அந்தக் கொர்கொர் சத்தத்தை இத்தனை நாள் எவ்வளவு வைதிருப்பேன். அன்றைக்கு அது பூசை மணி மாதிரி இருந்தது.

அத்தானுக்குப் படி ஏற முடியாது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். பேனலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாங்க குளிச்ச காலத்துல மேல படகுல ஒருத்தன் காத்துக் குழாயைப் பாத்துக்கிட்டே இருப்பான். அவனை நம்பித்தான் கீழ போவோம். இப்பம் ஒம் தம்பி அந்த எடத்துல நிக்கான்” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், தலைக்கனம் பிடித்துவிடாதே.

அவருக்கு இப்போது புதுப்புது யோசனை. இந்தக் கடற்காற்றுக்குக் காற்றாடி ஒன்று வைத்தால் என்ன என்கிறார். மீன் குடலைப் போட்டு அடுப்புக்கு கேஸ் எடுக்கலாமாமே என்கிறார். பதில் எழுது, இல்லாவிட்டால் என் பிராணனை வாங்குவார்.

உன் அக்கா
விஜிலா


பூஜ்
6.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அத்தான் சொன்னதை ஜெஸ்லினிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். தலைக்கனம் ஏற்கெனவே பிடித்துவிட்டது.

அத்தானுக்குப் பதில். வீட்டு மாடியில் வைக்கும் சின்னக் காற்றாடி விளையாட்டுப் பொருள். சத்தம் போடும், உப்புக் காற்றில் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து நிற்கும், காற்று நன்றாக அடிக்கும் நாளில்தான் கொஞ்சம் கொடுக்கும். வேண்டாம். மீன் குடல் கேஸ் நிஜம்தான், ஆனால் தினமும் ஒரு வாளி போட்டுக் கரைக்க வேண்டும். வாடை தாங்காமல் அக்கா வீட்டைவிட்டு ஓடிவிடுவார்கள். அது ஹோட்டல்காரர்களுக்குச் சரி.

பேனலை வாரம் ஒருமுறை விடியற்காலையில் துடையுங்கள், சூடேறிய பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும். ஸ்டாண்டு போல்ட்டில் துரு தெரிந்தால் உடனே ஞானதீபத்தைக் கூப்பிடுங்கள்.

அன்புத் தம்பி
ரோச்


பனிமய மாதா துணை

தருவைகுளம்
2.4.2024

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. பிள்ளைக்கு முத்தம். அத்தான் இந்த மாதம் பரவாயில்லை. டாக்டர் வழக்கம்போல வாடைக்காலத்தில் கவனம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நேற்றுப் பேட்டரி மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. ஊரில் கரண்ட் போய் எல்லோரும் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்க, நான் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருந்தேன். அந்தப் பாவத்தை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். கிளாட்வின் தெரியும் அல்லவா, இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறவர். உன் மனை விலைக்கு வருமா என்று கேட்டு வந்தார். அது நடக்காது என்றேன். ஒரு வார்த்தை நீயே சொன்னால் நல்லது என்றார். நல்ல மனுசர், முகத்தை முறிக்க மனமில்லாமல் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டால் மரியாதையாக இல்லையென்று சொல்லிவிடு.

உன் அக்கா
விஜிலா


பூஜ்
19.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சைட்டில் வேலை. நாங்கள் சுகம். அத்தான் சுகமா? டாக்டர் இப்போது என்ன சொல்கிறார்? வாடைக்காலம் தாங்குவார்கள் என்கிறாரா, இல்லையா? விவரமாக எழுதுங்கள்.

பேனல் விஷயமாக ஒரு யோசனை. தெற்குச் சுவர் ஓரத்திலிருந்து எடுத்து வடக்கு ஓரத்துக்கு மாற்றிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. ஸ்டாண்டையும் இன்னும் ஆறடி உயர்த்தலாம். காற்றோட்டம் கிடைக்கும், பேனல் சூடாகாது. ஞானதீபத்துக்குக் கூலி நான் அனுப்புகிறேன். ஆவணிக்குள் முடித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் வெயில் எப்படியும் குறைச்சல்தான். துணைக்கு ஒரு சின்னக் காற்றாடி வாங்கி வைப்பதும் தப்பில்லை.

அன்புத் தம்பி
ரோச்


பனிமய மாதா துணை

தருவைகுளம்
30.5.2024

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதா? மார்ச்சில் விளையாட்டுப் பொருளாக இருந்த காற்றாடி மே மாதத்தில் துணையாகிவிட்டது. தெற்கே வை என்று நீதான் சொன்னாய், இப்போது வடக்கே மாற்று என்கிறாய். ஓடுகிற மிஷினை நான் ஏன் நோண்ட வேண்டும்? மாடியில் காற்றோட்டம் இல்லாமலா கிடக்கிறது? ஆறடி உயர்த்தினால் அடிக்கிற காற்றில் பேனல் பறந்து போய்க் கடலில் விழும்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். காற்றாடிக்குச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “அவன் சொன்னா மாத்திரு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வாடைக்கு முன்னால் உடம்பைத் தேற்ற வேண்டும் என்றார். இவ்வளவு விசாரிக்கிறாயே, உன்னை நினைத்தால் மனது நிறைகிறது.

இன்னொன்றையும் கேள். நம் பிளாரன்ஸ் மதினி சித்திரையில் உன்னை இங்கே பக்கத்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று கோவிலில் வைத்துச் சொல்கிறாள். “எந்தம்பி அவ்வளவு தூரம் வந்துட்டு அத்தானைப் பாக்காம போவானா? கண்ணாடியை மாத்துங்க மதினி” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பாவம், அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

உன் அக்கா
விஜிலா


பூஜ்
27.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானை அக்கறையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்டிமைசர் என்று ஆறு சாமான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பேனலுக்கு ஒன்றாக மாட்டச் சொல்லுங்கள். பேனல் நன்றாக உழைக்கும். வடக்கே மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

இங்கே வேலை அதிகம்.

அன்புத் தம்பி
ரோச்


தருவைகுளம்
7.8.2024

ரோச்சுக்கு,

விஜிலா எழுதுவது.

முந்தாநாள் மாதா திருவிழாவுக்கு டவுனுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினேன். முதல் திரி உன் பேருக்கு. அதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

திரும்பி வந்தால் தெற்கு மனையில் ஜேசிபி நிற்கிறது. வாசல்வரை மண். கையில் இருந்த திருவிழாப் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “ஏலே, இது எந்தம்பி மனை. அவனைக் கேக்காம எவன்ல இங்கன குழி தோண்டச் சொன்னது” என்று அந்த வண்டிக்காரனை இறங்க வைத்தேன். நீ என் பின்னால் நிற்கிறாய் என்ற தைரியத்தில் வைதேன். ஊரே கூடிவிட்டது. பிளாரன்ஸ் மதினியும் நின்றாள்.

கிளாட்வின் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், “அக்கா, ரோச் அண்ணன் சித்திரையிலயே எழுதிக் குடுத்துட்டாரு. புதுக்கோட்டையில வச்சுத்தான் பதிஞ்சோம். வடக்கு வீட்டு ஜாக்சன் அண்ணனுக்கு எடைஞ்சல் இல்லையேன்னு கேட்டேன். அங்க எல்லாம் பேசியாச்சுன்னாரு” என்றார். எத்தனை மாடி என்றேன். மூன்று என்றார்.

பலகாரப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மண் விழுந்திருந்தது. அதைத் தட்டினேன். வேறு என்ன செய்ய.

போன மாதம் உன் பார்சலைப் பிரித்த ஞானதீபம் அண்ணாச்சி, “இது நெழல் விழுற வீட்டுக்குல்லாம்மா போடுவாங்க. இங்கன ஏது நெழலு?” என்றார். தம்பி ஆசையாக அனுப்பினான், மாட்டுங்கள் என்றேன். இப்போது விளங்குகிறது. வடக்கே மாற்றச் சொன்னது, உயர்த்தச் சொன்னது, காற்றாடி, ஆவணிக்குள் என்று தவணை. கிளாட்வின் ஒரு கல் வைப்பதற்கு முன்னால், கார்த்திகையில் எந்த மணிக்கு எந்தப் பேனலில் நிழல் விழும் என்று அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாய். அதைப் புத்திமதி மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறாய். நான் அதை வாசித்து உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

மனை உன்னுடையது. விற்க உனக்கு உரிமை உண்டு. அதை நான் கேட்கவில்லை. தெற்கே வை, வெயிலுக்கு நான் பொறுப்பு என்று எழுதினாயே, அதைக் கேட்கிறேன். ஊர் எல்லைவரை வந்துவிட்டு அத்தான் முகத்தைப் பார்க்காமல் போனாயே, அதைக் கேட்கிறேன். யாரிடம் பேசியாச்சு?

விஜிலா


பூஜ்
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் என் சுகம் கேட்கவில்லை. ஆனாலும் சுகம்.

நான் செய்தது தப்பு. சொல்லாமல் செய்தது அதைவிடத் தப்பு. ஆனால் என் பக்கமும் பாருங்கள். பதினைந்து வருடமாக ஜெஸ்லின் கம்பெனி கொடுத்த தகரக் கொட்டகையில் வேகிறாள். பூஜில் ஒரு சின்ன வீடு அமைந்தது, அந்த வாரமே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. கிளாட்வின் போன் வந்ததும் அந்த நேரத்தில்தான். அவர் நம்பரை நான் தேடிப் போகவில்லை, அக்கா.

உங்களிடம் சொன்னால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் என்னால் விற்க முடியாது. அதனால் அத்தானிடம் கேட்டேன். ஆமாம், அத்தானிடம்தான் பேசினேன். ஏப்ரலில், நீங்கள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், போனில். கட்டடம் வந்தால் ஐப்பசிக்குப் பிறகு நிழல் விழும் என்று மறைக்காமல் சொன்னேன். “நீ வித்துக்கோ மாப்ளே, நான் வாடையைத் தாண்ட மாட்டேன். அக்காகிட்டச் சொல்லாதே” என்றார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் கையெழுத்துப் போடவில்லை. புதுக்கோட்டை வந்தவன் வீட்டுக்கு வராமல் போனதும் அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர்கள் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாததால்தான்.

வடக்கே மாற்றினால் பாதியாவது கிடைக்கும். தயவுசெய்து மாற்றுங்கள். அத்தான் சுகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ரோச்


பூஜ்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. வாடை தொடங்கிவிட்டது என்று ஞானதீபம் சொன்னார். பேனலை வடக்கே மாற்றியதையும் அவரே சொன்னார், கொஞ்சம் நிம்மதி. என்னை வைது எழுதினாலும் சரி. அத்தான் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி போதும்.

ரோச்


தருவைகுளம்
22.12.2024

ரோச்சுக்கு,

விஜிலா எழுதுவது. உன் மூன்று கடிதங்களும் வந்தன.

முதல் கடிதத்தைப் படித்ததும் அத்தானிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மிஷின் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், தெளிவாகக் கேட்க வேண்டுமாம். “கட்டடம் வந்தா ஐப்பசிக்கு மேல வெயில் மறைக்கும் அத்தான்னான். பொறவு, டாக்டர் என்ன சொல்லுதாரு அத்தான், வாடை தாண்டுமான்னு கேட்டான். ஒரு மனுசன்கிட்ட அப்படிக் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? தாண்டாது மாப்ளே, வித்துக்கோன்னேன்.”

நீ எழுதியதில் அவர் பதில் மட்டும் இருந்தது. உன் கேள்வி இல்லை.

அவரோடும் நான் ஒரு வாரம் பேசவில்லை. கஞ்சி கொடுப்பேன், முதுகு துடைப்பேன், பேச மாட்டேன். என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, எனக்குத் தாலி எந்த மாதம் இறங்கும் என்று இரண்டு ஆம்பிளைகள் பேசி முடித்திருக்கிறீர்கள். அவராவது வெட்கத்தில் சொன்னார். தன்னால் உனக்கு ஒரு வீடு கெடக் கூடாது என்று சொன்னார். நீ எந்த நினைப்பில் கேட்டாய்? நிழலை மட்டுமா கணக்குப் பார்த்தாய்? டாக்டர் என்ன சொல்கிறார், வாடை தாங்குவாரா என்று நீ விசாரித்தபோது, என் மனது நிறைகிறது என்று பதில் எழுதினேனே. அந்த வரியை நீ எந்த முகத்தோடு வாசித்தாய்?

நிழல் உன் கணக்குப்படியே வந்தது. நீ தொழிலில் கெட்டிக்காரன், அதை யாரும் குறை சொல்ல முடியாது. இரவு பகலாக வேலை நடந்து மூன்றாம் மாடிச் சுவர் எழும்பியதும், ஐப்பசி பாதியில் நிழல் முதல் பேனல் ஸ்டாண்டின் காலைத் தொட்டது. கார்த்திகையில் உச்சி வெயில் நேரத்தில்கூட வடக்கு ஓரத்தில் மூன்று பேனல்தான் வெளிச்சத்தில் கிடந்தது. மழையில் ஒன்றரை நாள் கரண்ட் போனது. ஃப்ரிஜ்ஜை அணைத்தேன், ஃபேனை அணைத்தேன், லைட்டை அணைத்தேன், மிஷினை மட்டும் விட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் பேட்டரி தீரும் முன்னால் கிளாட்வின் தன் லோடு வண்டியில் டவுனிலிருந்து சிலிண்டர் ஏற்றி வந்து இறக்கினார். நான் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் நிழல் விவரம் எல்லாம் அவருக்குத் தெரியவந்தது. அவர் மாடியில் நின்று நம் மாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அக்கா, கான்கிரீட் இறுகிட்டு. ஒங்க பேனலைத் தூக்கி எங்க மாடி மேல வச்சிருங்க. எனக்கு அங்கன ஒரு வேலையும் கெடையாது” என்றார். போன வாரம் ஞானதீபம் அண்ணாச்சி வந்து ஆறையும் மேலே ஏற்றி, சுவரோடு ஒயரை இறக்கிக் கொடுத்துவிட்டார். இந்த ஊரிலேயே உயரமான இடத்தில் இருக்கிறது இப்போது. மத்தியானத்துக்குள் பேட்டரி நிறைகிறது.

அது அவருக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றியது, ரோச். ஏக்கர் கணக்கில் பேனலைப் பார்க்கிற உனக்குத் தோன்றாமல் இருக்குமா? விற்கும்போது, என் அக்கா பேனலுக்கு உங்கள் மாடியில் இடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனையும் விற்றிருக்கும், வெயிலும் இருந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டே சம்மதித்திருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் வராது என்று நினைத்துவிட்டாய்.

ஜெஸ்லின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளும் பிள்ளையும் புது வீட்டில் நன்றாக இருக்கட்டும். இனி எனக்குக் கடிதம் போடாதே.

ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதி முடிக்கிறேன். ஐப்பசி போய்விட்டது. கார்த்திகை போய்விட்டது. மார்கழி நடக்கிறது. கிறிஸ்துமஸ் ஸ்டார் வாசலில் எரிகிறது, அதைச் சாய்வாகக் கட்டிவிட்டேன் என்று கட்டிலில் கிடந்தபடி இப்போதுகூட என்னை ஏசிக்கொண்டிருக்கிறார்.

உன் அத்தான் சுகம்.

இப்படிக்கு
விஜிலா ஜாக்சன்